குரலும் நிபந்தனையும்: கே. பி. சுந்தராம்பாளின் கலைவாழ்வு

க.பொ.த. உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்கும் எங்களுக்கு இசை நாடகம் என்றொரு பகுதி உண்டு. பார்சி அரங்கின் செல்வாக்கு, சங்கரதாஸ் சுவாமிகளின் பங்களிப்பு, ஹார்மோனியத்தின் வருகை என்று குறிப்புகளை எழுதி மனனம் செய்துவிடுகிறோம். ஆனால் அந்த மேடையில் நின்று விடியவிடியப் பாடிய ஒருவரின் வாழ்க்கையைத் தொடர்ந்து பார்த்தால்தான் அந்தக் குறிப்புகளுக்கு உயிர் வருகிறது. அதற்காக நான் தெரிவு செய்தவர் கே. பி. சுந்தராம்பாள். அவரை நான் முதலில் அறிந்தது புத்தகத்தில் அல்ல. 1990 இல் முல்லைத்தீவை விட்டுப் புத்தளம் போய், பல வருடங்களின் பின் வன்னிக்குத் திரும்பிய என் உம்மம்மா, ‘வானொலியில் கேட்ட ஒளவையார்க் குரல்’ என்று அவரைப் பற்றிச் சொல்லுவார்.

பாடகியாகவும் நடிகையாகவும் இருந்தவர்கள் பலர். சுந்தராம்பாளிடம் நான் கண்ட சிறப்பு வேறொன்று. தான் எங்கே பாடுவது, எந்த வேடத்தில் நடிப்பது, யாருடன் நடிக்க மாட்டேன் என்பவற்றை அவரே தீர்மானித்தார். வறுமையில் பிறந்த ஒரு பெண்ணுக்கு, இன்றைக்கு ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்கு முன்பு, இது எப்படி முடிந்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வறுமையும் முதல் வேடமும்

கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் என்பதன் சுருக்கமே கே. பி. எஸ். கொடுமுடி அவரது ஊர். பாலாம்பாள் அவரது தாய். இன்றைய ஈரோடு மாவட்டத்தில் காவிரிக் கரையில் உள்ள அந்த ஊரில் 1908 ஒக்டோபரில் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்த குடும்பம். தாயார் மிகுந்த சிரமத்தில் பிள்ளைகளை வளர்த்தார். சிறுமி ரயிலில் பாடிக் காசு பெற்றதாகவும், அந்தக் குரலைக் கேட்டே நாடகத்துறையினர் அவரை அழைத்துச் சென்றதாகவும் அவரது வாழ்க்கையை எழுதியோர் கூறுவர்.

அவரது ஆரம்ப வேடங்களில் ஒன்று ‘நல்லதங்காள்’ நாடகத்தில் வரும் மூத்த பிள்ளை. பஞ்சத்தில் தாயிடம் பசி என்று அழும் ஆண்பிள்ளை வேடம் அது. பசியை அறிந்த ஒரு சிறுமி, பசியைப் பாடும் வேடத்தில் நடித்தாள். சபையோர் கலங்கினர் என்பதில் வியப்பில்லை. இங்கே இரண்டு விடயங்களைக் கவனிக்கலாம். ஒன்று, அவர் பாடியதே அவரது நடிப்பாக இருந்தது. மற்றது, தொடக்கத்திலேயே அவர் ஆண் வேடம் தாங்கியிருக்கிறார். இது பின்னால் பெரிய விடயமாகப் போகிறது.

ஒலிபெருக்கி இல்லாத மேடை

அக்கால நாடக மேடையைப் புரிந்துகொள்ளாமல் அவரது குரலைப் புரிந்துகொள்ள முடியாது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி போன்ற நாடகங்கள் எல்லா ஊர்களிலும் நடந்தன. ‘ஸ்பெஷல் நாடகம்’ என்ற முறையில் நடிகர்கள் ஒரே கம்பனியைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. ஓர் ஊரிலிருந்து ராஜபார்ட், இன்னோர் ஊரிலிருந்து ஸ்திரீபார்ட் என்று தனித்தனியாகப் பேசி ஒரு இரவுக்கு அழைப்பார்கள். சேர்ந்து ஒத்திகை பார்ப்பதும் கிடையாது. கதையும் பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். மேடையில் ஏறிய பிறகுதான் எதிரே நிற்பவர் எப்படிப் பாடுவார் என்பது தெரியவரும்.

இதனால் தர்க்கப் பாடல்கள் முக்கியமாகின. வள்ளி திருமணத்தில் தினைப்புனத்தில் நிற்கும் வள்ளியும், அவளைத் தேடி வருபவரும் பாட்டாலும் பேச்சாலும் வாதிடுவார்கள். ஒருவர் ஓர் இராகத்தை எடுத்தால் மற்றவர் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். தயங்கினால் சபை விடாது. சங்கீத ஞானமும், உடனுக்குடன் பதில் சொல்லும் அறிவும், துணிவும் இல்லாதவர் அந்த மேடையில் ஓர் இரவைக்கூடக் கடக்க முடியாது.

ஒலிபெருக்கியும் இல்லை. கொட்டகையின் கடைசியில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்க வேண்டும். எனவே உயர்ந்த சுருதியில் எடுத்து, மேல் ஸ்தாயியில் தளராமல் நின்று, சொல்லைச் சிதைக்காமல் பாடும் முறை வளர்ந்தது. சுந்தராம்பாளின் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். எத்தனை உயரத்துக்குப் போனாலும் ழகர, ளகர, லகரம் தனித்தனியே கேட்கும். தமிழை ஒரு பாடமாக எடுக்கும் மாணவியருக்கு உச்சரிப்புக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி வேறில்லை என்று எங்கள் ஆசிரியை சொல்வதுண்டு.

கொழும்பில் பிறந்த புகழ்

சுந்தராம்பாளின் கலைவாழ்வில் இலங்கைக்குப் பெரிய இடம் உண்டு. அவர் இளமையிலேயே கொழும்புக்கு வந்து நடித்தார். 1926 ஆம் ஆண்டளவில் கொழும்பு மேடையிலேதான் எஸ். ஜி. கிட்டப்பாவும் அவரும் முதன்முதலில் சேர்ந்து நடித்தனர். செங்கோட்டையில் 1906 இல் பிறந்த கிட்டப்பா அப்போதே பெரும் புகழ் பெற்ற பாடகர். அவருக்கு ஈடுகொடுத்துப் பாடும் ஸ்திரீபார்ட் கிடைப்பது அரிது. இரண்டு பெரிய குரல்கள் ஒரே மேடையில் தர்க்கம் செய்வதைக் கேட்கக் கூட்டம் அலைமோதியது.

அக்காலத்தில் தமிழ்நாட்டுக் கலைஞர் இங்கு வருவதற்கு இருந்த வழிகளில் ஒன்று தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், அங்கிருந்து கொழும்புக்கு ரயில். 1914 இல் தொடங்கிய இந்தப் பயணத்தில் மடு, செட்டிகுளம் ஆகிய நிலையங்களைத் தாண்டித்தான் மதவாச்சிக்குப் போக வேண்டும். ஆர்மோனியப் பெட்டிகளும் வேட உடுப்புகளும் எங்கள் வன்னிக் காட்டின் நடுவே ரயிலில் போயிருக்கின்றன என்று நினைக்கும்போது பாடப்புத்தகத்துக்கும் எங்களுக்கும் உள்ள தூரம் குறைகிறது. அவர்கள் விட்டுச்சென்ற பாதிப்பிலிருந்தே இலங்கையிலும் இசை நாடகம் வேரூன்றியது. மயானகாண்டத்தில் அரிச்சந்திரனாக நடித்த காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து இந்த மரபில் வந்த பெருங்கலைஞர்.

வெள்ளைச் சேலை

மேடையில் சேர்ந்தவர்கள் வாழ்விலும் சேர்ந்தனர். கிட்டப்பாவுக்கு ஏற்கனவே திருமணமாகியிருந்தது. இந்த இல்வாழ்வு துன்பங்களோடுதான் கழிந்தது, அதுவும் நீடிக்கவில்லை. 1933 டிசம்பர் 2 ஆம் திகதி கிட்டப்பா காலமானார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25.

அவர் வெள்ளைச் சேலை உடுத்தார், நகைகளைக் களைந்தார், மேடையை விட்டு ஒதுங்கினார். இனி எந்த ஆண் நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். 1980 செப்டெம்பரில் இறக்கும் வரை அதில் மாறவில்லை.

இந்த இடத்தில் எங்கள் வகுப்பில் ஒரு விவாதம் எழுந்தது. ‘கணவனை இழந்த பெண் வெள்ளை உடுத்த வேண்டும் என்று சமூகம் விதித்ததைத்தானே அவரும் செய்தார், இதில் அவரது தீர்மானம் எங்கே இருக்கிறது?’ என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. எங்கள் மார்க்கத்தில் கணவனை இழந்தவளுக்கு இத்தா நான்கு மாதமும் பத்து நாளும். அதன் பிறகு அவள் மறுமணம் செய்யலாம். வாழ்நாள் முழுவதும் துக்கத்தைச் சுமக்கும்படி அவளிடம் கேட்கப்படவில்லை. ஆகவே 25 வயதுப் பெண் 47 ஆண்டுகள் வெள்ளையில் வாழ்ந்ததை இலட்சியமாகப் போற்ற எனக்கும் மனம் வரவில்லை.

ஆனால் அவர் அதன்பின் செய்ததையும் பார்க்க வேண்டும். வழக்கம் அவரிடம் எதிர்பார்த்தது வீட்டுக்குள் அடங்கியிருப்பதை. அவரோ வெள்ளைச் சேலையை உடுத்துக்கொண்டே வெளியே வந்தார். துக்கத்தை மறைக்கவுமில்லை, அதைக் காட்டித் தொழிலைக் கைவிடவுமில்லை. ‘இந்த நிபந்தனையோடு வருகிறேன், ஏற்றுக்கொள்வோர் அழைக்கலாம்’ என்பது போல இருந்தது அவரது நடைமுறை.

ஒரு இலட்சம் ரூபாய்

அந்த நிபந்தனைக்கு முதல் சோதனை திரைப்படத்தில் வந்தது. ‘நந்தனார்’ கதையைப் படமாக்க விரும்பியவர்கள் அவரை அணுகினர். அவருக்கு நடிக்க விருப்பமில்லை. மறுப்பதற்காகவே பெருந்தொகை கேட்டார் என்றும், அவர்கள் அதற்கும் சம்மதித்துவிட்டார்கள் என்றும் சொல்வதுண்டு. அந்தத் தொகை ஒரு இலட்சம் ரூபாய். 1935 இல் வெளிவந்த படத்துக்கு, இந்தியாவில் எந்த நடிகரும் அதுவரை பெற்றிராத சம்பளம் என்று திரைப்பட வரலாற்றாசிரியர்கள் இதைக் குறிப்பிடுவர்.

அப்படத்தில் அவர் ஏற்ற வேடம் நந்தனார், அதாவது ஒரு ஆண். வேதியராக நடித்தவர் கர்நாடக இசை வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். ஜோடியாக நடிக்க மாட்டேன் என்ற உறுதிக்கு இதைவிடப் பொருத்தமான வழி கிடைக்காது. கதாநாயகனே அவராகிவிட்டால் ஜோடி என்ற பேச்சே இல்லை. பெண் ஆண் வேடம் போட்டதைப் பத்திரிகைகளில் சிலர் கடுமையாக விமர்சித்தார்கள்.

எங்கள் பிரதேசத்தவருக்கு இதில் யோசிக்க ஒரு விடயம் இருக்கிறது. முல்லைத்தீவின் கோவலன் கூத்தில் மரபாகக் கண்ணகியாகவும் மாதவியாகவும் ஆடியவர்கள் ஆண்கள். அதை நாம் கலை என்றே ஏற்றுப் போற்றினோம், போற்றவும் வேண்டும். அதே மாற்றத்தை மறுபுறமாக ஒரு பெண் செய்தபோது கேலி எழுந்தது ஏன்? பரீட்சையில் இந்த வினா வராது. வகுப்பில் பேசுவதற்கு நல்ல வினா.

வேடங்களின் பட்டியல் சொல்வது

சுந்தராம்பாள் நடித்த படங்கள் எண்ணிக்கையில் அதிகமில்லை. முக்கியமான வேடங்களை ஆண்டுவாரியாக வைத்துப் பார்க்கலாம்.

1935 – நந்தனார்
1940 – மணிமேகலை
1953 – ஒளவையார்
1964 – ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகள்
1965 – ‘திருவிளையாடல்’ படத்தில் ஒளவையார்
1973 – காரைக்கால் அம்மையார்

தமிழ் இலக்கியம் படிக்கும் எவருக்கும் இந்தப் பெயர்கள் பழக்கமானவை. இவற்றிடையே உள்ள ஒற்றுமை என்ன? துறவி, புலவர், அடியார். யாருக்கும் ஜோடியாக நிற்காத பாத்திரங்கள். மணிமேகலை காதலை விட்டுத் துறவு பூண்டவள். கவுந்தியடிகள் கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணையாக மதுரை வரை நடந்த சமணத் துறவி. ஒளவையார் அரசர்களின் முன் நிமிர்ந்து நின்று பாடிய முதிய புலவர்.

இப்படிப் பார்த்தால், 1933 இல் எடுத்த உறுதி அவரது நடிப்பைச் சுருக்கவில்லை என்பது தெரியும். சினிமா அக்காலத்தில் பெண்ணுக்குக் கொடுத்த இடம் பெரும்பாலும் காதலி, மனைவி, தாய் என்பவைதான். அவற்றுக்கு வெளியேயும் தமிழ் இலக்கியத்தில் அறிவுள்ள பெண்கள் இருந்தார்கள். தன் நிபந்தனையால் சுந்தராம்பாள் அவர்களிடம் போய்ச் சேர்ந்தார். எஸ். எஸ். வாசனின் ஜெமினி நிறுவனம் தயாரித்து 1953 இல் வெளியிட்ட ‘ஒளவையார்’, ஒரு முதிய பெண் புலவரை நடுவில் வைத்து எடுக்கப்பட்ட பெரும் படம். இன்றைக்கும் அப்படியொரு படத்துக்குப் பணம் போட எத்தனை பேர் முன்வருவார்கள்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவரது காலத்திலேயே பின்னணிப் பாடல் முறை வந்துவிட்டது. ஒருவர் நடிக்க வேறொருவர் பாடுவது வழக்கமாயிற்று. சுந்தராம்பாளிடம் அந்தப் பிரிவு ஏற்படவில்லை. படத்தில் வரும் முகமும் கேட்கும் குரலும் ஒருவருடையதாகவே இருந்தன. 1969 இல் வெளிவந்த ‘துணைவன்’ படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான இந்திய தேசிய விருதையும் அவர் பெற்றார். அப்போது அவருக்கு வயது 60 ஐத் தாண்டியிருந்தது.

கடலுக்கு அப்பாலும் இதே கதை

அமெரிக்காவில் கறுப்பின மக்களின் துயரத்திலிருந்து பிறந்த இசை புளூஸ். அதன் பெரும் பாடகி பெஸ்ஸி ஸ்மித் (1894–1937) ஊரூராகக் கூடாரங்களில் பாடி வளர்ந்தவர். ஒலிபெருக்கி இல்லாமல் கூட்டத்தின் கடைசி வரை எட்டும் குரல் அவருடையது. 1929 இல் ஒரேயொரு குறும்படத்தில் மட்டும் நடித்தார். புளூஸ் பாடகியாகத் தொடங்கிய ஈதல் வாட்டர்ஸ் பின்னர் தேர்ந்த நடிகையாகி, 1949 இல் வந்த ‘பிங்கி’ படத்துக்காக ஒஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். புளூஸுக்குப் பின்வந்த சோல் இசையின் அரசி எனப்படும் அரீத்தா பிராங்ளின் 1980 இல், சுந்தராம்பாள் மறைந்த அதே ஆண்டில், ‘புளூஸ் பிரதர்ஸ்’ என்ற படத்தில் நடித்துப் பாடினார்.

கொடுமுடிக்கும் அமெரிக்காவுக்கும் தொடர்பில்லை. ஆயினும் இருபுறமும் ஏழைப் பெண்ணிடம் இருந்த ஒரே முதல் குரல்தான். அது அவளைச் சபைக்குக் கொண்டுவந்தது. சபையிலிருந்து திரைக்குக் கொண்டுபோனது. அங்கே போன பிறகு, தனக்குத் தரப்படும் வேடத்தை ஏற்பதா மறுப்பதா என்ற கேள்வி எல்லோருக்கும் எழுந்தது. கறுப்பின நடிகையருக்குப் பெரும்பாலும் வேலைக்காரி வேடமே தரப்பட்ட காலம் அது. வேடத்தைத் தெரிவு செய்யும் உரிமை எளிதில் கிடைப்பதில்லை என்பதை இந்த ஒப்பீடு காட்டுகிறது.

மேடைக்கு வெளியே

சுந்தராம்பாளின் குரல் அரசியலிலும் ஒலித்தது. எஸ். சத்தியமூர்த்தியின் அழைப்பை ஏற்று இந்திய விடுதலைப் போராட்டக் காலத்தில் காங்கிரஸ் கூட்டங்களில் பாடினார். ஒலிபெருக்கி அரிதான காலத்தில் கூட்டத்தை ஒரு பாட்டால் அமைதிப்படுத்தும் ஆற்றல் கட்சிக்கு எவ்வளவு பெறுமதியானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1951 இல் சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினரானார். இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் திரைக்கலைஞர் அவரே என்பர். 1970 இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தான் பிறந்த கொடுமுடியில் தன் பெயரில் ஒரு திரையரங்கையும் கட்டினார்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

பெண்பிள்ளை மேடையில் பாடுவது பற்றி நம் வீடுகளில் பலவிதமான கருத்துகள் உண்டு. இந்தக் கட்டுரை அதற்குத் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. சுந்தராம்பாளைப் போல எல்லோரும் பாட வேண்டும் என்பதும் என் கருத்தல்ல. அவரது வாழ்வில் நான் கண்ட பாடம் பாட்டைவிட விரிவானது. தொழிலைத் தேர்ச்சியோடு கற்றவளுக்கு நிபந்தனை சொல்லும் பலம் வருகிறது. ஒரு இலட்சம் ரூபாயைக் கேட்கும் துணிவு அவருக்கு ஒரே நாளில் வரவில்லை. எதிரே நிற்பவர் என்ன பாடுவார் என்று தெரியாமல் மேடையேறிய எத்தனையோ இரவுகள் அதற்குப் பின்னால் இருந்தன. ‘இந்த வேடம் வேண்டாம்’ என்று அவர் சொன்னபோது மற்றவர்கள் போய்விடாமல் வேறு வேடத்தோடு திரும்பி வந்ததற்குக் காரணம் அந்தத் தேர்ச்சி.

யுத்தத்தின் பின் வன்னியில் எத்தனையோ வீடுகளைப் பெண்களே கொண்டு நடத்துகிறார்கள். எங்கள் தெருவிலும் கணவனை இழந்த ஒரு மாமி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் தாத்தாமார் இருக்கிறார்கள். அவர்களிடம் உழைப்பு இருக்கிறது. ஆனால் விலையையும் நேரத்தையும் அவர்கள் சொல்ல முடிவதில்லை, மற்றவர்கள் சொல்வதை ஏற்கிறார்கள். கைத்தொழிலோ படிப்போ ஆழமாகக் கிடைத்திருந்தால் அவர்களது பேச்சுக்கும் நிறை இருந்திருக்கும். பெற்றோர்கள் தம் பெண்பிள்ளைகளின் படிப்பைப் பற்றி முடிவெடுக்கும்போது இதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த வருடம் பரீட்சை முடிந்ததும் என் வீட்டிலும் அந்தப் பேச்சு வரும். மட்டக்களப்பில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்க எனக்கு விருப்பம். வாப்பாவுக்கு நான் கல்வியியல் கல்லூரிக்குப் போவதே விருப்பம். அதில் அவருக்கு நியாயமும் உண்டு. நான் சொல்லப்போவதை இப்போதே எழுதி வைத்திருக்கிறேன். விடுதியில் இருந்துதான் படிப்பேன். மேடையில் நடிப்பதைவிட நாடகம் எழுதவும் பிள்ளைகளுக்குப் பழக்கவும் கற்றுக்கொள்வேன். படித்து முடித்து இங்கேயே ஆசிரியையாக வருவேன். இவை என் நிபந்தனைகள். வாப்பாவுக்கும் சில நிபந்தனைகள் இருக்கும். இரண்டையும் மேசையில் வைத்துப் பேசலாம் என்று உம்மா சொல்லியிருக்கிறார். அதற்கு முன் நான் மூன்று பாடங்களிலும் நல்ல பெறுபேறு எடுக்க வேண்டும்.